சம்மந்தி உள்ள இருக்காங்க

உக்காருங்க, உக்காருங்க. எதுக்கு நின்னுக்கிட்டு? அந்த ட்ரையல் ரூமுக்குத்தானுங்களே காத்திருக்கீங்க? அது இப்போதைக்குக் காலியாகாது. உள்ள எங்க சம்மந்தி இருக்காங்க. அவங்க ஒரு ஜாக்கெட்டைக் கழட்டி மாட்டறதுக்குள்ள நீங்க ஊருக்குப் போயி ஒரு தூக்கம் போட்டுட்டுத் திரும்பி வந்துரலாம். இக்கட்டால தள்ளி உக்காருங்க, ஃபேன் காத்து வரும்.

என்னுங்க, நாலு எடுத்திருக்கீங்களா? போட்டுப் பாக்காம நாலு எடுக்கக் கூடாதுங்க. கோவிச்சுக்காதீங்க, நான் மனசுல பட்டதைச் சொல்லிப்போடுவேன். நீங்களும் சமீபத்துல இளைச்ச ஆளாட்டந்தான் தெரியுது. ஜாக்கெட்டு தோள்ல நிக்க மாட்டேங்குது, வந்ததுல இருந்து இழுத்து இழுத்து உடறீங்களே. இளைச்சுட்டிருக்கறப்ப ஒரேயடியா நாலு பாடி வாங்கினா என்னாகும்? ரெண்டு மாசம் போனா நாலும் தொளதொளன்னு தொங்கும். இப்பத்திக்கு ஒண்ணு, துவைச்சு மாத்தறதுக்கு இன்னொண்ணு, அவ்வளவுதான். உடம்பு ஒரு நெலைக்கு வரட்டும், பொறகு ஆசைப்பட்டதை எடுங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? அந்தா, கழுத்துல டேப்பைப் போட்டுட்டு நிக்குது பாருங்க ஒரு புள்ளை, அது இப்பத்தான் எங்க சம்மந்திக்குச் சொல்லுச்சு. நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்தேன். தோள் பட்டிதான் தாங்குதுன்னு நாமெல்லாம் நெனச்சு, அதை இழுத்து இழுத்து முடுக்கிட்டிருக்கோம். இல்லையாமுங்க. அடியில சுத்தி வர்ற பட்டைதான் தாங்கணுமாம். முதுகுப் பக்கம் அது மேல ஏறாம நேரா நிக்கணும். கையைத் தூக்கினா கூடவே மேல வந்துதுன்னா அது உங்களுக்குப் பெருசு. புதுசா இருக்கறப்ப வெளிக்கொக்கியில போட்டுச் சரியா இருக்கறதாப் பாத்து எடுக்கணும். உள்கொக்கியெல்லாம் பின்னால இளைக்க இளைக்கத் தள்ளிக்கறதுக்கு. இப்பவே கையைத் தூக்கிப் பாக்காதீங்க. அங்க ஒரு ஆளு பொண்டாட்டி பையைப் புடிச்சுட்டு நிக்கறாரு பாருங்க, பாவம், எங்க பாக்கறதுன்னு தெரியாம வந்ததுல இருந்து ஃபேனையே பாத்துட்டிருக்காரு.

நாங்க எதுக்கு வந்தோம்னு நீங்க கேக்கலை. இருந்தாலும் சொல்றேன், நீங்களே ஒரு நாயஞ் சொல்லுங்க. உள்ள இருக்கறவங்களுக்கும் எனக்கும் பேச்சு இல்லீங்க. அட, கேக்காதுங்க. இந்த ஃபேன் போடற சத்தத்துல பக்கத்துல இருக்கற உங்களுக்கே கேக்கறது கஷ்டம், உள்ள எங்க கேக்கப் போகுது?

பேச்சு இல்லைன்னா சண்டை இல்லை. சண்டை போட்டாத்தான் தேவலையே, நானும் நாலு வார்த்தை பேசி ஆத்திக்குவேன். வாங்க சம்மந்தி, சாப்பிட்டீங்களா சம்மந்தி, அதோட சரி. அதுக்கு மேல வாயைத் தெறக்கறதில்லை. இன்னைக்கு ஆட்டோவுல வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் ரோட்டையே பாத்துட்டு வந்தாங்க. இந்த ஈரோட்டு ரோட்டுல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? பூராவும் தோண்டிப் போட்டிருக்காங்க. இத்தனைக்கும் நான் அவங்களுக்கு நல்லதுதான் பண்ணுனேன்.

அவங்க பேரு தெய்வானை. அவங்க பொண்ணு சௌமியாவைத்தான் எம்பையனுக்கு எடுத்திருக்கோம். ரெண்டு தெரு தள்ளித்தான் அவங்க ஊடு. கல்யாணம் முடிஞ்ச வருசமே ரெண்டு பேருக்கும் சுகர்னு சொல்லிட்டாங்க, ஒரே லேப்புல, ஒரே நாள்ல. ஜோசியர் பையனுக்கும் பொண்ணுக்கும் அத்தனை பொருத்தம் பாத்தாரே, சம்மந்திகளுக்குள்ள இருந்த இந்தப் பொருத்தத்தைச் சொல்லவே இல்லை. டாக்டரு ரெண்டு பேரையும் நடக்கச் சொன்னாரு. நான்தான் அவங்களையும் கெளப்பிக் கூட்டிட்டுப் போனேன். நானில்லைன்னா அவங்க வாசப்படியைத் தாண்டியிருக்க மாட்டாங்க.

காலைல வெடிஞ்சும் வெடியாம பள்ளிக்கூட மைதானத்துக்குப் போயிருவோம். நான் சுடிதாருக்கு மாறிட்டேன். அவங்க அதே நைட்டிதான், மேல ஒரு துண்டு. துண்டுன்னா சாதாரணத் துண்டு இல்லீங்க, கழுத்துல இருந்து வயிறு வரைக்கும் இழுத்துப் போத்தியிருக்கும். பையன் ஊட்டு அம்மா கூடப் போறோம்னு ஒரு மரியாதை. எம்முன்னால அந்தத் துண்டை ஒரு நாளும் எடுத்ததில்லை. எனக்கு அதுல ஒரு பெருமைதான், பொய் சொல்லக் கூடாது.

பேசிட்டே நடப்போம். நான் பேசுவேன், அவங்க நடப்பாங்க. அவங்களுக்குக் கொஞ்சம் வேகம் எச்சு. அதனால நான் வேப்ப மரத்துக்கு அடியில பெஞ்சுல உக்காந்துக்குவேன். அவங்க ஒரு சுத்து சுத்திட்டு வர்றப்ப உட்ட எடத்துல இருந்து பேசுவேன். அவங்க நின்னு கேட்டுட்டு மறுபடியும் போவாங்க. கூட ஒரு ஆள் இருக்குதுன்னாத்தானே அவங்களுக்கும் ஒரு தெம்பு? இப்படியே மழைக்காலம் முடிஞ்சு, மார்கழிப் பனியும் வந்துருச்சு. எனக்கு நல்லா இளைச்சுப் போச்சுங்க.

எத்தனை கிலோன்னு கேக்காதீங்க. மெஷின்ல ஏறுங்க அத்தைன்னு மருமக கூடக் கேட்டா. அதுல ஏறிப் பாத்தா கண்ணு பட்டுரும்னுட்டேன். எனக்கு எதுக்குங்க மெஷினு? மூணு வருசமா நான் போட்டிருந்த பாடி, வாங்கின புதுசுல வெளிக்கொக்கியில போட்டாலே மூச்சு முட்டும். அதே பாடி இப்ப உள்கொக்கியில போட்டாலும் நழுவி நழுவி வருது. அப்படின்னா என்ன அர்த்தம்? எலாஸ்டிக்கெல்லாம் நூல் நூலாத் தொங்குது, அந்தளவுக்கு இளைச்சுட்டேன். இதைவிட என்ன சாட்சி வேணும்?

இதுல ஒரே ஒரு வயித்தெரிச்சல். அதுக்குச் சித்த முன்னாடிதான் திருப்பூர் போயிருந்தப்ப, எக்ஸ்போர்ட்டுக்குப் போற நல்ல துணியில கொஞ்சம் பாடி எடுத்து வெச்சிருந்தேன். என் பழைய சைஸு. ஓரத்துல ரோஸ் கலர்ல பூவு, தொட்டாப் பட்டாட்டம் இருக்கும். கவர் கூடப் பிரிக்கலை. இந்தச் சாமானத்தை எந்தக் கடையிலயும் திருப்பி வாங்க மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். நான்தான் இளைச்சாச்சே, இனி அதை வெச்சு என்ன பண்றது? தூக்கிப் போட மனசு வருமா? அப்பத்தான் நெனச்சேன், நம்ம சம்மந்திக்குக் குடுத்தா என்ன? அவங்க என்னாட்டம் இளைக்கலை. துண்டு போத்தினபடியே அன்னைக்கு மாதிரியேதான் இருக்காங்க.

பொங்கலுக்கு அவங்க வந்தப்ப ஒரு தட்டு வெச்சேனுங்க. பொண்ணு ஊட்டுல இருந்து நமக்குத் தட்டு வரும், நாம திருப்பி வெக்கறது எத்தனை ஊட்டுல உண்டு? நான் வெச்சேன். வெத்தலை பாக்கு, பழம், பூவு, நல்லதா ஒரு சேலை. சேலைக்கு அடியில அந்தக் கவரு. எங்கூட்டுக்காரரு பக்கத்துலயே நிக்கறாரு, அவருக்குத் தெரியாம. “சம்மந்தி, அடியில ஒண்ணு இருக்குது, ஊட்டுல போயிப் பாருங்க”ன்னு கண்ணைக் காட்டினேன். அவங்க தங்கம்னு நெனச்சாங்களோ என்னமோ, ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு ஆடாம அசையாம நடந்து போனாங்க.

பையன் ஊட்டுல குடுத்ததை எடுத்து உள்ள வெக்க முடியாதுங்க. ஒரு தடவையாவது போட்டுக் காட்டணும், உங்க பக்கமும் அப்படித்தானே? சேலையை அடுத்த வெள்ளிக்கெழமையே கட்டிட்டு வந்துட்டாங்க. மத்ததை எப்படிப் போட்டுக் காட்டுவாங்க? அதனால ஒரு நாள் மைதானத்துல நானே காதோரமாக் கேட்டேன், அது சரியா இருக்குதுங்களான்னு. ரொம்ப நல்லா இருக்குதுங்கன்னு சொன்னாங்க. மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு. பாருங்க, ஒரு சின்னச் சாமானத்துக்கு எவ்வளவு சந்தோஷம்னு நானும் சந்தோஷப்பட்டேன்.

அதுக்கு அப்புறந்தானுங்க அவங்க நடை மாறுச்சு. முன்னாடி ரெண்டு கையையும் வீசி வீசி நடப்பாங்க. இப்ப ஒரு கையை நெஞ்சுல வெச்சுட்டே நடக்கறாங்க, துண்டுக்கு மேல. வேகமும் கொறைஞ்சு போச்சு. சுகர் இருக்கறவங்களுக்கு நெஞ்சுல கோளாறு சத்தமில்லாம வரும்னு சொல்லுவாங்கள்ல? என்ன சம்மந்தி, நோவுதான்னு கேட்டா, ஒண்ணுமில்லீங்கங்கறாங்க. ஒண்ணுமில்லைங்கற மூஞ்சியா அது?

மாசி மாசத்துல ஒரு நாள், நான் பெஞ்சுல உக்காந்திருக்கேன், அவங்க திரும்பி வர்றாங்க. மரத்துக்கிட்ட வர்றப்ப ஒரு முனகல். பாத்தா நெஞ்சைப் புடிச்சுட்டு அப்படியே குனிஞ்சு நிக்கறாங்க. நெத்தியெல்லாம் வேர்வை, கண்ணுல தண்ணி. நான் போட்ட சத்தத்துல அக்கட்டால பந்து வெளையாடிட்டிருந்த ஆளுகெல்லாம் ஓடி வந்துட்டாங்க. ஒருத்தரு தண்ணி தெளிக்கறாரு, ஒருத்தரு நல்லா இருமுங்கங்கறாரு. “ஒண்ணுமில்லீங்க சம்மந்தி, உடுங்க, நான் ஊட்டுக்குப் போயிக்கறேன்”னு அவங்க கெஞ்சறாங்க. உடுவனா நானு? ஒரு காரைப் புடிச்சு ஏத்திட்டேன். ஆஸ்பத்திரி போயிச் சேர்றதுக்குள்ள அவங்க அண்ணனுக்கு, பெரியம்மாளுக்கு, சத்தியமங்கலத்துல இருக்கற ஒரம்பரை சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டுட்டேன். சொல்லாம உட்டுட்டா நாளைக்கு நம்மளத்தானே கேப்பாங்க?

ஈசிஜி எடுக்கறதுக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. துண்டை எடுக்கவே மாட்டேன்னுட்டாங்களாமா. நர்ஸம்மா கெட்டிக்காரி, என்னமோ பேசிச் சமாதானப்படுத்தி எடுக்க வெச்சிருக்குது. சித்த நேரங் கழிச்சு வெளிய வந்துச்சு, கையில ஒரு கிண்ணம். கிண்ணத்துல பூராவும் ஊக்கு. பெருசு, சிறுசு, துருப்புடிச்சது, எல்லா வகையிலயும் இருக்குது. ஹார்ட்டு நல்லா இருக்குதும்மா, பாடி அவங்களுக்குப் பெருசு, ஊக்கைப் போட்டுப் போட்டுப் புடிச்சு வெச்சிருக்காங்க, அதுல ஒண்ணு தெறந்துட்டு நெஞ்சுல ஏறிருச்சுன்னு சொல்லிட்டு அது சிரிக்குது.

எனக்கு எப்படி இருக்கும்? நான் குடுத்த நல்ல நல்ல பாடியெல்லாம் பத்திரமாப் பொட்டியில வெச்சுட்டு, எதையோ பழசைப் போட்டுட்டுத் திரிஞ்சிருக்காங்க பாருங்க. எங்கதான் போயி அத்தனை பெருசா வாங்கினாங்களோ.

அதை உடுங்க. அவங்களுக்கு எம்மேல கோவம் எதுக்குன்னுதான் எனக்கு இன்னும் புடிபடலை. போன் போட்டது நானு. அத்தனை பேரும் பதறிட்டு இருக்காங்க. அப்படியே உட முடியுமாங்க? மறுபடியும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, பயப்படாதீங்க, நெஞ்சு நோவெல்லாம் இல்லை, பாடி லூசு, ஊக்கு குத்திருச்சுன்னு வெவரமாச் சொன்னேன். சொன்னது தப்பா? அவங்க அண்ணன் அதுக்குள்ள ஹார்லிக்ஸ் பாட்டிலோட ஆஸ்பத்திரிக்கே வந்து நிக்கறாரு. அவருகிட்டயும் நேராவே சொன்னேன். அந்த மனுசன் பாட்டிலைப் பெஞ்சு மேல வெச்சுட்டு, யாரையும் பாக்காம திரும்பிப் போயிட்டாரு. பந்து வெளையாடற ஆளுக அடுத்த நாள் அக்காவுக்கு எப்படி இருக்குதுன்னு கேட்டாங்க. அவங்களுக்கும் சொன்னேன். அக்கறையாக் கேக்கறவங்ககிட்டப் பொய் சொல்ல வருமா?

அன்னைக்கு நடக்கறதை நிறுத்தினவங்கதானுங்க. நான் வாசல்ல போயி நின்னா, அவங்க ஊட்டுக்காரரு வந்து தலை நோவுங்கங்கறாரு. அடுத்த நாள் போனா இன்னும் எந்திரிக்கலைங்கறாரு. பொறகு நானும் போறதை நிறுத்திட்டேன். பையன் ஊட்டுக்காரி நானு, எத்தனை நாளைக்குப் போயி வாசல்ல நிக்கறது? தனியா நடந்து பாத்தேன். கால் நோவு வந்துருச்சு. கால் நோவுதானுங்க, வேற ஒண்ணுமில்லை. பெஞ்சுல உக்காந்தா அந்தப் பக்கம் இருந்து ஆரும் வரலை. பேச ஆரம்பிச்சதைப் பாதியில உட்டாப்புல இருந்துச்சு. எந்திரிச்சு ஊட்டுக்கு வந்துட்டேன்.

போன வாரம் மருமக வந்து நின்னா. அந்தப் புள்ளை எங்கிட்டச் சத்தமாப் பேசினதே இல்லீங்க, அன்னைக்குப் பேசுச்சு. “அத்தை, அம்மாவுக்குச் சுகர் மறுபடியும் ஏறிட்டிருக்குது. மைதானத்துப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேங்குது. நீங்களே கூட்டிட்டுப் போயி அளவுக்கு ஒரு பிரா வாங்கிக் குடுத்து, நீங்களே மறுபடியும் நடக்கக் கூட்டிட்டுப் போங்க. நீங்க கூப்பிட்டா அம்மாவால மாட்டேன்னு சொல்ல முடியாது.” அப்படீன்னுச்சு. அதனாலதான் இன்னைக்கு இங்க வந்து உக்காந்திருக்கேன். இது ஒண்ணு சரியா அமைஞ்சு, அவங்க நாளைக்குக் காலைல வாசல்ல வந்து நின்னாப் போதும். எனக்கு வேற எதுவும் வேண்டாமுங்க.

அந்த டேப்புப் புள்ளை இருக்குதே, அது சொன்னதை நீங்க கேக்கணும். சம்மந்தியை உள்ள கூட்டிட்டுப் போயி அளந்துட்டு வந்து, முப்பத்தாறுங்குது. முந்தானையை அத்தனை சுத்துச் சுத்திட்டு இருக்கற ஆளு முப்பத்தாறா? சரி, எனக்கும் அளந்து பாரு கண்ணுன்னேன். நாப்பத்திரண்டாமா. என் பழைய சைஸு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. டேப்பு தப்பு, வேற கொண்டான்னேன். இருக்கறது இது ஒண்ணுதாங்கம்மாங்குது. ஒரே டேப்பு அவங்களுக்கு எறக்கிக் காட்டுது, எனக்கு ஏத்திக் காட்டுது. இதுவும் அந்த மெஷினாட்டந்தான். நம்பப் படாது.

என்னுங்க சம்மந்தி?

கூப்புடறாங்க பாருங்க. ஒரு மாசமாப் பேசாதவங்க பேரு சொல்லாத கொறையாக் கூப்புடறாங்க. பின்னாடி கொக்கிக்குக் கை எட்டலையாம். நான் வரோணுமாம். இதா வர்றேன் சம்மந்தி, சித்த இருங்க.

ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். நான் பேசினது எதுவும் உள்ள கேட்டிருக்காதுதானே? இந்த ஃபேன் சத்தத்துல... ஃபேன் ஓடலையே. எப்பங்க நின்னுது? கரண்ட் போயிருச்சா? லைட்டு எரியுதே. ஓ, இன்வெர்ட்டர்ல லைட்டு மட்டுந்தானா? எப்பப் போச்சு? நான் உக்காந்ததுல இருந்தா?

அட கடவுளே. இந்தப் பையைச் சித்தப் பாத்துக்கங்க.

*

இன்னும் இருக்கீங்களா? ரொம்ப நேரமாக்கிட்டேனா? பையைக் குடுங்க. எங்க சம்மந்தி பில்லு போடப் போயிருக்காங்க. நீங்க போலாம், ரூம் காலிதான். ஒரே ஒரு நிமிசம் இருங்க. சொல்லிட்டேன்னா எனக்கு மனசு லேசாயிரும்.

திரையை வெலக்கிட்டு உள்ள போறேன், அந்தப் பக்கம் திரும்பி நிக்கறாங்க. அவங்க முதுகை நான் இன்னைக்குத்தானுங்க பாக்கறேன். தோள் எலும்பு தெரியுது. அந்தத் துண்டுக்குள்ள இப்படி இளைச்ச ஆளு ஒருத்தங்க இருந்திருக்காங்க, நான் பாக்கவே இல்லை. தெனமும் பக்கத்துல போனவ நானு.

கழட்டினதை மாட்டற எடத்துல அவங்க பழைய பாடி தொங்குது. ஓரத்துல ரோஸ் கலர் பூவு. எனக்குத் தெரியாதா அந்தப் பூவு? நானே பொறுக்கி எடுத்தது. ரெண்டு பக்கமும் உள்ள மடிச்சு, கையில தையல் போட்டிருக்காங்க, அத்தனை பொடித் தையல். ஊக்கு குத்தின பொறகு ஊக்கை எடுத்துட்டு உக்காந்து தைச்சிருக்காங்க. அதைத் தூக்கி வீசலீங்க. மறுபடியும் அதையேதான் போட்டுட்டு எங்கூட ஆட்டோவுல வந்திருக்காங்க. நெஞ்சுக்கு மேல ஊக்குக் கீறின தழும்பு, அந்தக் கண்ணாடியில எனக்குத் தெரிஞ்சுது.

“ஏனுங்க சம்மந்தி, பெருசுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே”ன்னேன்.

“நீங்க தட்டுல வெச்சுக் குடுத்ததுங்க. அதைப் போயிப் பெருசுன்னு எப்படிங்க சொல்றது?”ன்னாங்க.

அந்தத் தையலை ஒரு தடவை தடவிப் பாத்தேன்.

கொக்கியை மாட்டி உட்டேன், வெளிக்கொக்கியில. கையைத் தூக்குங்கன்னேன். தூக்கினாங்க, பட்டை அசையலை. அப்புறம் என்ன பண்ணுனாங்க தெரியுமா? அந்தக் கண்ணாடிக்கு முன்னால, நின்ன எடத்துலயே, ரெண்டு கையையும் வீசி நடந்து பாத்தாங்க. மைதானத்துல நடப்பாங்களே, அதே வேகத்துல. ரெண்டு ஆளு நிக்கவே எடமில்லாத ரூமு அது. அவங்க கை எம்மேல ரெண்டு தடவை பட்டுருச்சு. அதுக்குக் கூட மன்னிச்சுக்கங்க சம்மந்தின்னு சொல்லிட்டே நடக்கறாங்க. எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

நடந்து முடிச்சுட்டு அவங்க பையில இருந்து ஒரு கவரை எடுத்தாங்க. நான் குடுத்ததுல பிரிக்காம வெச்சிருந்தது. இந்தக் கடையில மாத்தித் தருவாங்களான்னு கேக்கறதுக்காகக் கொண்டாந்தாங்களாம். மாட்டேன்னுட்டாங்களாம். நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்க சம்மந்தின்னாங்க. எனக்குச் சாக்குப் பையாட்டம் தொங்குமேன்னு சொன்னேன். அவங்க கையில புடிச்சுட்டே நிக்கறாங்க. அவங்க மனசு கோணக் கூடாதுன்னுதான் வாங்கிப் போட்டேன். அவங்களே கொக்கியை மாட்டி உட்டாங்க. அதுவும் வெளிக்கொக்கியில.

கச்சிதமா இருக்குதுங்க. பட்டை மேல ஏறலை, தோள் அழுத்தலை, மூச்சு சீரா வருது. இப்படி ஒண்ணு போட்டு மூணு வருசமாச்சு. உள்ள அட்டையில நாப்பத்திரண்டுன்னு போட்டிருக்குது. கண்ணாடியில அவங்க என்னைப் பாக்கறாங்க, நான் அவங்களைப் பாக்கறேன். வெளிய நான் பேசின அத்தனையும் அவங்க காதுல உழுந்திருக்குது. இளைச்சுட்டேன் இளைச்சுட்டேன்னு நான் சொன்னது, பெஞ்சு, ஊக்கு, அவங்க அண்ணன், எல்லாமே. அந்த நேரத்துல அவங்க ஒரு சிரிப்புச் சிரிச்சிருந்தாக் கூட நான் செத்திருப்பேனுங்க.

சிரிக்கலை. என் தோள் பட்டியைச் சமமா இழுத்து உட்டுட்டு, “துணி சுருங்கியிருக்கும் சம்மந்தி. அத்தனை நாளாப் பொட்டிக்குள்ளயே இருந்ததுங்கள்ல”ன்னாங்க.

ஆமாங்க, சுருங்கிருச்சுன்னு நானும் சொன்னேன். சொல்லிட்டு அவங்க கையைப் புடிச்சுட்டேன். நீங்க இல்லாம எனக்கு அந்த மைதானத்துல நிக்கவே புடிக்கலைன்னு சொல்லிட்டேன். பையன் ஊட்டுக்காரி இதையெல்லாம் சொல்லலாமான்னு ஒரு பக்கம் தோணுச்சு, சொல்லிட்டேன். அவங்க கையை உருவிக்கலை. காலைல நேரத்துலயே வந்துர்றேனுங்கன்னாங்க. அப்புறம் சேலையைக் கட்டிட்டே, குனிஞ்சாப்புல, இனி பெஞ்சுல உக்காரப் படாதுங்க சம்மந்தி, கூட நடக்கோணும்னாங்க. கேட்டீங்களா? இத்தனை நாள் வாயைத் தெறக்காத ஆளு.

அதா, பில்லு போடாமயே திரும்பி வந்துட்டாங்க. முந்தானையைப் பாருங்க, மறுபடியும் சுத்திட்டாங்க. போங்க, நீங்க போயிப் போட்டுப் பாருங்க. வெளிக்கொக்கியில போடுங்க, கையைத் தூக்கிப் பாருங்க. நாங்க கரண்ட் வந்து பில்லு போடற வரைக்கும் இங்கதான் இருப்போம். கொக்கி எட்டலைன்னா ஒரு கொரல் குடுங்க. ஃபேன்தான் நின்னுருச்சே, நல்லாக் கேக்கும்.